வெளிநாட்டுக் கடுதாசி வருதாம்

டிசம்பர் 1991

உன் கடிதம் நேற்றுக் காலைப் பையில் வந்தது. நானே முத்திரை குத்தி, நானே பிரித்து, மேஜைக்குப் பக்கத்தில் நின்றபடியே படித்தேன். ஓசூரில் சௌக்கியம், கம்பெனியில் வேலை அதிகம் என்று இரண்டு வரி. மீதி முழுக்க உன் மாமா கோதண்டம். தை மாதம் வாலாஜாபாத்தில் நடக்கப்போகிற உன் கல்யாணத்தில் அந்த ஆள் தாய்மாமன் என்று சொல்லிக்கொண்டு மணவறைப் பக்கம் வரக்கூடாது, மாலை எடுத்துக் கொடுக்க வேறு யாரையாவது பாருங்கள், புரளி கிளப்புகிறவன் கையால் எனக்கு எதுவும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். முடிவில், ‘அவருக்குக் கொஞ்சம் புத்தி சொல்லி வையுங்கள்’ என்று எனக்கு ஓர் உத்தரவு. வீட்டு முன்னறையிலேயே கிளைத் தபால் நிலையத்தைப் பதினெட்டு வருஷமாக நடத்துகிறவன் நான். உத்தரவு வந்தால் பதில் எழுதித்தான் பழக்கம். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். கம்பெனியில் இடைவேளை விடும்போது படித்து முடித்துவிடலாம் என்று நினைக்காதே.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கோதண்டத்தைப் பற்றி நீ எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. நீ அவனை மேடையில்தான் பார்த்திருக்கிறாய், நான் இருபத்தாறு வருஷமாக அவனோடு குடும்பம் நடத்துகிறேன். கூட்டுரோட்டில் அவன் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுவது ஒரு பங்கு, பேச்சு மூன்று பங்கு. தினமும் சாயங்காலம் படப்பைக்குப் போய் சாயங்காலப் பேப்பர் வாங்கி வந்து முனுசாமி டீக்கடையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பான். படிப்பான் என்றா சொன்னேன்? தப்பு. பேப்பரைப் பிடித்துக்கொண்டு பேசுவான். அந்தப் பேப்பர் மட்டும் யோக்கியமா? தலைப்பை உள்ளங்கை அகலத்துக்குப் போட்டு, அதன் வாலில் கொசு அளவுக்கு ஒரு கேள்விக்குறி வைக்கிற பேப்பர் அது. கேள்விக்குறியை வாயால் படிக்க முடியாது. கோதண்டம் அதைப் படிக்க முயன்றதும் இல்லை. ‘என்று கூறப்படுகிறது’ என்று அச்சில் இருந்தால், யார் கூறினார், யாரிடம் கூறினார் என்று அந்தக் கடையில் ஒருவனும் கேட்க மாட்டான். டீயில் சர்க்கரை குறைந்தால் மட்டும் கேட்பார்கள்.

இவ்வளவு கேவலமாக நான் அவர்களைப் பற்றி எழுதுவது உனக்கு இனிக்கும். உனக்கு மாமனார் வீட்டுப் பலகாரத்தைவிட உன் மாமாவைத் திட்டுவது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கடிதத்தில் அவனுக்குக் கிடைக்கப்போவது சில்லறை. பெரிய பங்கு எனக்கு வைத்திருக்கிறேன். மிச்சம் உனக்கு.

இந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உலகத்துக்கே தெரியும். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்து ஊர்களில் மனுஷன் எப்படி இருந்தான் என்பதுதான் உனக்குத் தெரியாது. ரோட்டுக்கு ரோடு போலீஸ். சுவருக்குச் சுவர் தேடப்படுகிறவர்களின் படம். பத்து கிலோமீட்டர் தள்ளி அப்படி ஒன்று நடந்துவிட்டது என்கிற பயம் ஒரு பக்கம். நம் ஊருக்குப் பக்கத்தில் நடந்தது என்கிற பெருமை இன்னொரு பக்கம். ஆமாம், பெருமை. அதைச் சொல்ல யாரும் வாய் திறக்க மாட்டார்கள், ஆனால் இருந்தது. வெளியூரிலிருந்து வந்தவர்களிடம் ஒவ்வொருவனும் தான் அந்த வெடிச் சத்தத்தைக் கேட்டதாகச் சொன்னான். காது கேட்காத நம் ரேஷன் கடைக்காரர்கூடச் சொன்னார்.

ஜூனில் ஒரு பையனை நம் ஊர் ஆட்கள் அடித்து போலீசில் கொடுத்தார்கள் என்று உனக்குத் தெரியும். மாமாதான் காரணம் என்றும் தெரியும். நீ தெரிந்துவைத்திருப்பது பாதி. மறுபாதியை ஆறு மாதமாக உன்னிடம் நான் மறைத்துவிட்டேன்.

அந்தப் பையன் பெயர் ஞானதாஸ். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஏதோ கிராமம். வாலாஜாபாத் ரோட்டில் இருக்கிற ஒரு வார்ப்படக் கம்பெனியில் ஃபிட்டர். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். பால்கார ஏழுமலை வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையில் பொங்கலுக்குப் பிறகு குடிவந்தான். வந்த அன்றைக்கு ஏழுமலை பெண்டாட்டியிடம் குடிக்க ‘வெள்ளம்’ கேட்டான். இங்கே வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது, அவன் ஊரில் குடிக்கிற தண்ணீர். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தார்கள். அவனும் கூடச் சிரித்தான். அவன் பேச்சு ராகம் போட்டு இழுத்த மாதிரி இருக்கும். நம் காதுக்கு நாலு வார்த்தையில் ஒன்றுதான் பிடிபடும். ஓய்வு நேரத்தில் பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பழுது பார்ப்பான், அதில் அவனுக்கு ஆசை.

வாரம் ஒரு தடவை அவனுக்கு ஓர் இன்லண்டு லெட்டர் வரும். அவன் அம்மாவுக்கு எழுதத் தெரியாது, பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி எழுதித் தருவாள். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்து, “கடிதாசு உண்டுமா சார்?” என்று கேட்பான். இங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து படிப்பான். சில வரிகளை எனக்கும் படித்துக் காட்டுவான். ரப்பர் தோட்டத்தில் மழையால் பால் எடுக்க முடியவில்லை, ஆடு இரண்டு குட்டி போட்டது, தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். இப்படி. நான் அதையெல்லாம் உன் அம்மாவிடம் சொல்வேன். அவளும் அடுத்த வாரம், அந்த ஆட்டுக்குட்டி என்ன ஆயிற்று என்று கேட்பாள்.

ஜூன் மாதம் ஒரு நாள் சாயங்காலப் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. அந்தத் தாளை நான் பிறகு வாங்கிப் பத்திரப்படுத்தியிருக்கிறேன், நீ வந்தால் காட்டுகிறேன். சென்னைப் புறநகரில் புதிதாக வாடகைக்கு வந்தவர்களைப் பற்றி வீட்டுக்காரர்கள் போலீசுக்குத் தகவல் தரலாம், அவ்வளவுதான் அதில் இருந்தது. உன் மாமா அதை டீக்கடையில், நம் ஏரியாவில்தான் அவர்கள் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறார்கள், வீடு கொடுத்தவனையும் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று படித்தான். ஏழுமலை டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறான். அவன் வீட்டுக்குப் பின்னால்தானே பேச்சு புரியாத ஒருத்தன் ரேடியோவைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்? கன்னியாகுமரிப் பேச்சுக்கும் கடலுக்கு அந்தப் பக்கத்துப் பேச்சுக்கும் வித்தியாசம் தெரிந்த ஒருவன் அந்தக் கடையில் இல்லை. வாலாஜாபாத்தைத் தாண்டித் தெற்கே போகாதவர்கள் நாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாளில் செய்தி வளர்ந்தது. பெட்டியில் ஒயர் வைத்திருக்கிறான். ரேடியோவில் யாரோடோ பேசுகிறான். வெளிநாட்டிலிருந்து கடிதாசி வருகிறது. இந்த மூன்றாவது விஷயம் மெய்யா பொய்யா என்று சொல்ல இந்த ஊரில் ஒரே ஓர் ஆளால்தான் முடியும். சனிக்கிழமை காலை அந்த ஆளைத் தேடி ஏழெட்டுப் பேர் வந்தார்கள். கோதண்டம் முன்னால் நின்றான்.

“மாமா, அந்தப் பையனுக்கு வெளிநாட்டுக் கடுதாசி வருதாமே, மெய்யா?” என்றான். உனக்கு அவன் மாமா, அவனுக்கு நான் மாமா.

பொய், எல்லாம் அவன் அம்மா எழுதுவது, மார்த்தாண்டத்து முத்திரை, வாரா வாரம் என் கையால் கொடுக்கிறேன். இத்தனையும் சொல்ல ஒரு மூச்சு போதும். நான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “தபால் விவரத்தை வெளியில சொல்லக் கூடாது. ரூல் இருக்குது” என்றேன்.

கோதண்டம் மற்றவர்கள் பக்கம் திரும்பினான். “மாமாவே சொல்ல மாட்டேன்றாரு. அப்ப கீது” என்றான். அவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் போவதைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. வாசல் வரை போய்க் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ கேட்பாய். நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஏழெட்டுப் பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்குப் பிடித்திருந்தது. அது ஒன்று. இன்னொன்று பயம். நாளைக்கு அந்தப் பையன் நிஜமாகவே ஏதாவதாக இருந்துவிட்டால், அவனுக்குச் சாட்சி சொன்னவன் என்று என்னைத் தேடி வருவார்களே என்று நினைத்தேன். ஆட்டுக்குட்டி வரை தெரிந்த ஒருவனைப் பற்றி அப்படி நினைத்தேன். புரளி கிளப்புகிறவன் முட்டாள். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு அதற்கு ரூல் என்று பெயர் வைக்கிறவனுக்கு என்ன பெயர் என்று நீயே யோசித்துக்கொள். என்னிடம் இருக்கிற வார்த்தைகளைக் கடிதத்தில் எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து சட்டையை மாற்றிக்கொண்டிருந்தபோது பதினைந்து பேர் உள்ளே புகுந்தார்கள். பெட்டியை உடைத்தார்கள். ரேடியோ பாகங்கள், ஒரு பைபிள், நூல் கட்டிய கடிதக் கட்டு. கட்டைப் பிரித்து ஒருவனும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எல்லாம் மார்த்தாண்டத்து முத்திரை குத்திய இன்லண்டு என்று தெரிந்திருக்கும். சைக்கிள் டியூபால் அவன் கையைப் பின்னால் கட்டினார்கள். டியூப் உன் மாமா கடையுடையது. அடித்தார்கள். அவன் கத்தியது நம் வீட்டுக்குக் கேட்டது. நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உன் அம்மா கரண்டியோடு வாசலுக்கு ஓடினாள். நான் தட்டை விட்டு எழவில்லை.

டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போன பிறகு அவள் திரும்பி வந்தாள். என்னிடம் சத்தம் போடவில்லை. “ஆடு குட்டி போட்டதுன்னு எனக்குச் சொன்னீங்களே, அப்ப ரூல் எங்க போச்சி?” என்று கேட்டாள். அவ்வளவுதான். பிறகு, “நாளைக்கு நீங்க போவலைன்னா நான் போறேன்” என்றாள். கோதண்டம் அவளுக்குக் கூடப்பிறந்தவன் என்பதை நினைத்துப் பார். அவள் ஒரு கணம் தயங்கவில்லை.

திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். பெயர், முகவரி, கடிதம் வரும் நாள் எல்லாம் சொன்னேன். அங்கே இருந்த இன்ஸ்பெக்டர் வயதானவர், பொறுமையாக எழுதிக்கொண்டார். அவன் ஊர் ஸ்டேஷனில் ஏற்கெனவே விசாரிக்கச் சொல்லியாகிவிட்டது, பதில் வந்ததும் விட்டுவிடுவோம் என்றார். எழுதி முடித்த பிறகு, “நேத்து காலையில நீங்க எங்க இருந்தீங்க?” என்று கேட்டார். வீட்டில்தான் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

புதன்கிழமை அவனை விட்டார்கள். வியாழக்கிழமை பெட்டியை எடுக்க வந்தவன் இங்கேயும் வந்தான். கடிதங்களை ஊர் முகவரிக்குத் திருப்பி அனுப்ப எழுதிக் கொடுக்க வேண்டும் என்றான். தாளைக் கொடுத்தேன். முகவரியை எந்த இடத்தில் எழுத வேண்டும் என்று நான் சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை, தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினான். இடது காது வீங்கிக் கறுத்திருந்தது. உள்ளே ஜவ்வு கிழிந்துவிட்டதாம். எழுதி முடித்துத் தாளை என் பக்கம் தள்ளினான்.

“ஒங்களுக்குத் தெரியும்லா சார்” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரி சொன்னான். நான் தாளில் முத்திரை குத்தினேன்.

இப்போது நீ என்னைக் கேட்டிருக்கிற உதவிக்கு வருகிறேன். கோதண்டத்துக்குப் புத்தி சொல்வது. சொல்லிப் பார்த்துவிட்டேனப்பா. அந்த வாரமே அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். எல்லார் முன்னாலும் அவன் மூக்குக்கு நேராக விரித்துப் பிடித்து, இதில் எங்கே இருக்கிறது நீ சொன்னது, காட்டு என்றேன். எழுத்துக் கூட்டிப் படி என்றேன். எனக்குச் சுகமாக இருந்தது. என் பங்கை மறைத்துக்கொண்டு அவன் பங்கைக் கூட்டத்துக்குக் காட்டுகிற சுகம். அவன் என்ன செய்தான்? காலடியில் நிலம் போய்க்கொண்டிருக்கிறவன் எது கிடைத்தாலும் பிடிப்பான். “உனக்கு இன்னா தெரியும் மாமா? பெரிய எடத்து ஆளு வந்து மீட்டுகினு போச்சாம்” என்றான். பழைய பொய்யைக் காப்பாற்ற அந்த நிமிஷம் பிறந்த புதிய பொய். அன்று பொழுது சாய்வதற்குள் அது ஊர் முழுக்கச் சுற்றியது. அதற்குத் தகப்பன் அவன் என்றால், பிரசவம் பார்த்தவன் நான்.

ஒரு மாதம் கழித்து, கடையில் அவன் தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் போனேன். பேப்பரை எடுத்துப் போகவில்லை. சைக்கிளில் காற்று இறங்குகிறது என்று சாக்குச் சொல்லிக் குந்தினேன். அவன் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான். என் கதையை முதலில் சொன்னேன். எனக்குத் தெரியும் கோதண்டம், எல்லாம் அவன் அம்மா எழுதினது, நீ கேட்டபோதே எனக்குத் தெரியும் என்றேன். அவன் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

“மெய்யாலுமா? தெரிஞ்சிகினேவா இருந்தே?” என்றான்.

ஆமாம் என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது நானே சம்பாதித்தது. ஆனால் அதற்குப் பிறகு அவன் கவசத்தைக் கழற்றிவிட்டான். இவனும் நம்மைப்போலக் கேடுகெட்டவன்தான் என்று தெரிந்த பிறகு என்னிடம் எதையும் காப்பாற்ற வேண்டியிருக்கவில்லை. அப்போதுதான் கேட்டேன், வெளிநாட்டுக் கடிதாசி என்று உனக்குச் சொன்னது யார் என்று. ஏழுமலை என்றான். வீட்டுக்காரனே சொல்கிறானே என்று நம்பினானாம். சரி, வா, ஏழுமலையைக் கேட்போம் என்றேன். இரண்டு பேரும் சைக்கிளில் கிளம்பினோம்.

பால் சொசைட்டி வாசலில் ஏழுமலையைப் பிடித்தோம். அவன், எனக்கெப்படித் தெரியும், ‘வருது’ன்னு முனுசாமி கடையில் சொன்னார்கள் என்றான். முனுசாமியைக் கேட்டோம். ‘வருதாம்’ என்றுதான் நான் சொன்னேன், சலூனில் கேட்டது என்றான். சலூன்காரர் ஒருவருக்கு முகத்தில் சோப்பு போட்டுக்கொண்டிருந்தார். கோதண்டத்தைப் பார்த்துச் சிரித்தார். “நீதாம்பா சொன்னே. ஷேவிங் பண்ணிகினு இருக்கச்சொல்ல. இவனுக்கு வெளிநாட்டுக் கடுதாசிகூட வருமோ இன்னாவோன்னு” என்றார்.

நீ ஆங்கிலப் பேப்பர் படிக்கிறவன். எந்த மொழிப் பேப்பராக இருந்தாலும் இதைக் கவனி. நம் பேச்சில் ஒரு செய்தி எங்கிருந்து வருகிறது என்பது வார்த்தையின் வாலில் ஒட்டியிருக்கிறது. கண்ணால் பார்த்தவன் ‘வருது’ என்பான். காதால் கேட்டவன் ‘வருதாம்’ என்பான். நினைத்துப் பார்க்கிறவன் ‘வருமோ’ என்பான். உன் மாமா வாயிலிருந்து ‘வருமோ’ என்று கிளம்பியது, சலூனில் ‘வருமாம்’ ஆகி, டீக்கடையில் ‘வருதாம்’ ஆகி, ஏழுமலையிடம் வரும்போது வாலை உதிர்த்துவிட்டு ‘வருது’ என்று வந்து நின்றது. அதைத்தான் உன் மாமா உண்மை என்று என்னிடம் கொண்டுவந்தான். தன் வாய்ச் சரக்கைத் தானே அடையாளம் தெரியாமல். எதையாவது கேட்டால் முதலில் அந்த வாலைத் தடவிப் பார். வாலை அறுத்தது யார் என்று கேள். பேப்பரானாலும் ரேடியோவானாலும் கல்யாண வீட்டில் இலைக்கு இலை பேசுகிற பேச்சானாலும் இதுதான் வழி. வேறு மந்திரம் எனக்குத் தெரியாது.

சலூனிலிருந்து கோதண்டம் சைக்கிளில் ஏறவில்லை, தள்ளிக்கொண்டே வந்தான். கூட்டுரோடு வந்ததும், “எல்லாரும் சொன்னாங்களேன்னு நம்பிட்டேன் மாமா” என்றான். அந்த ‘எல்லாரும்’ நீதானடா என்று சொல்ல வாய் ஊறியது. சொல்லவில்லை. என் ஆயுளில் நான் வாயை மூடிக்கொண்டு செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அவன் திருந்திவிட்டான் என்று எழுத ஆசைதான். இல்லை. இன்றைக்கும் பேப்பரைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறான். அந்தக் கடையில் இன்னும் அதே பதினைந்து பேர் உட்கார்ந்து, அடித்தது தாங்கள் இல்லை, வேறு யாரோ என்கிறார்கள். அந்தப் பதினைந்து பேருக்காக நான் ஒரு தபால் தலைகூடச் செலவு செய்ய மாட்டேன். ஆனால் கோதண்டத்திடம் ஒன்று மாறியது. பெரிய செய்தி ஏதாவது வந்தால் முதலில் என்னிடம் வந்து, மெய்யா மாமா என்று கேட்டுவிட்டுத்தான் அப்புறம் கடைக்குப் போவான். நான் தெரியும் என்றால் தெரியும் என்பேன், தெரியாது என்றால் தெரியாது என்பேன். ரூல் பேசுவதில்லை.

இப்போது ஐப்பசி மழையில் நீ லீவில் வந்திருந்தபோது நடந்ததைப் பார். நாலு நாளாக விடாத மழை. படப்பையிலிருந்து வந்த பஸ்ஸில் எவனோ, செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறான். கோதண்டம் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். நீ வாசலில் நின்றிருந்தாய். அவன், “ஏரி ஒடைஞ்சி” என்று ஆரம்பித்தான். நீ விடவில்லை. ஏரி எங்கே இருக்கிறது, நம் ஊர் எங்கே இருக்கிறது, அது வடகிழக்கே பள்ளத்தில், நாம் மேட்டில், தண்ணீர் மேலே ஏறி வந்து உன் சைக்கிள் கடையைத் தூக்கிக்கொண்டு போகுமா என்று கேட்டாய். எதிரே கடை ஓரத்தில் மழைக்கு ஒதுங்கியிருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததும் உனக்கு ஏறிவிட்டது. “ஜூன்ல ஒருத்தன் காதைப் பிச்சது பத்தலையா?” என்றாய். அடித்தவர்களே அந்தக் கூட்டத்தில் நின்று சிரித்தார்கள் என்பதை நீ கவனித்தாயா?

நீ சொன்னது அத்தனையும் சரி. ஏரி உடையவில்லை. உடைந்திருந்தாலும் நமக்குத் தண்ணீர் வராது. எல்லாம் சரி. ஆனால் அவன் முழுதாகச் சொல்ல வந்தது என்ன தெரியுமா? “ஏரி ஒடைஞ்சிடிச்சாமே, மெய்யா மாமா?” அதை என்னிடம் கேட்க ஓடிவந்தான். பஸ் நிற்கிற இடத்திலிருந்து நம் வீடு வரை வழியில் எத்தனை வாசல் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். ஒரு வாசலிலும் அவன் வாயைத் திறக்கவில்லை. அவனைப் பொறுத்தவரை அது மூன்று நாள் பட்டினி கிடப்பதற்குச் சமம். சந்தேகம் கேட்க வந்தவனைப் பொய் சொல்ல வந்தவன் என்று நீ முத்திரை குத்தினாய். செய்தியை முழுதாகக் கேட்காமல் அவன் ஊரைக் கூட்டினான் என்கிறாய். நீ அவன் வாக்கியத்தை முழுதாகக் கேட்டாயா? உனக்கும் அவனுக்கும் வித்தியாசம் உன்னிடம் இருக்கிற பேப்பரின் விலைதான்.

நான் உள்ளே முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது. மறுபடியும் எழுந்து வரவில்லை. நீ மட்டும் குற்றவாளி என்று நினைக்காதே.

மூன்றாம் நாள் அவன் வந்தான். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “அந்தப் பையனுக்கு ஒரு கடுதாசி எழுதலாமா மாமா? எல்லாரும் சுத்தி நின்னு சிரிச்சாங்க. அவனை அப்டித்தான் நிக்க வெச்சோம்” என்றான். இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம். நான் எழுத எழுத அவன் இது வேண்டாம், இது சாக்கு மாதிரி இருக்கிறது என்று அடிக்கச் சொன்னான். எனக்கு அது ஆச்சரியம். கடைசியில் ஆறு வரிதான் மிஞ்சியது. செய்தது இன்னது, செய்தவர்கள் நாங்கள் என்று. கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அன்றிலிருந்து தினமும் பை வருகிற நேரத்துக்குக் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்வான்.

நேற்றும் வந்திருந்தான். தபால் பையில் நாங்கள் எழுதிய அந்தக் கடிதம் திரும்பி வந்திருந்தது. பிரிக்கவில்லை. மேலே அந்த ஊர்த் தபால்காரர் கையெழுத்தில் ‘வாங்க மறுத்துவிட்டார்’ என்று எழுதியிருந்தது. நீட்டினேன். இரண்டு தரம் படித்தான். “அவனுக்கு அந்த ரைட்டு கீது” என்றான். சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். தபால் பையில் அதற்கு அடியில் உன் கடிதம் இருந்தது. அதைத்தான் நான் நின்றபடியே படித்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“நம்ம பையனா? இன்னா எழுதிகீறான்?” என்று கேட்டான்.

உனக்கு மாலை எடுத்துக் கொடுக்க அவன் ஒரு மாதமாகப் புது வேட்டி வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான். நான் கடிதத்தை மடித்தேன். சௌக்கியமாம் என்றேன். மாமாவுக்குக் கோபமா என்று விசாரித்திருக்கிறான், கல்யாணத்துக்கு முன்னால் வந்து நேரில் பேசுகிறானாம் என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனான். இந்நேரம் அதை முனுசாமி கடையில் சொல்லியிருப்பான். அங்கே ‘வர்றானாம்’ வால் உதிர்ந்து ‘வர்றான்’ ஆகியிருக்கும்.

ஆக, ஒரு புரளியை உன் பெயரில் நான் கிளப்பிவிட்டேன். பொங்கலுக்கு முன்னால் லீவு போட்டுவிட்டு வந்து, அதை உண்மையாக்கு.

அப்பா